ஜரீனாவின் மாத்திரையை நிறுத்தியது நான்தான்

போன வாரம் ஏற்காடு போயிருந்தேன். அங்கே ஒண்டிக்கடை என்ற இடத்தில் ஒரு மளிகைக் கடையில் மிளகு வாங்க நின்றபோது, கடைக்காரர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், வாராவாரம் பத்திரிகைல எழுதறது நீங்கதானுங்களே? போட்டோவுல பாத்த மொகம்!"

மலை மேலேயும் நம்மைத் தெரிகிறதே... உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.

அவர் பெயர் நசீர். கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி ஜரீனாவைக் கூப்பிட்டார். நல்ல வெயில். ஜரீனா ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்தார். முகம் உப்பியிருந்தது. குரல் கரகரத்தது.

"உங்களாலதானுங்க மேடம் தைராய்டு மாத்திரையை விட்டேன். நொம்ப நன்றிங்க."

என்னாலா?

ஆமாம். சில மாதங்களுக்கு முன், நீச்சல் குளத்துக் குளோரினில் கண் எரிந்த கோபத்தில் ஒரு பத்தி எழுதினேன். குளோரின், புரோமின், அயோடின் — இந்த ஹாலஜன் குடும்பத்துக்கும் இயற்கைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, இவை சேர்ந்த மாத்திரைகளைத் தூக்கிப் போட்டாலே பாதி நோய் ஓடிவிடும் என்று. எங்கே படித்தேன்? வாட்ஸ்அப்பில். சரிபார்த்தேனா? இல்லை. வாக்கியம் நன்றாக வந்திருந்தது... அது போதுமாக இருந்தது.

தைராய்டு மாத்திரையில் அயோடின் உண்டு என்று யாரோ சொல்ல, ஜரீனா அன்றே நிறுத்திவிட்டார்.

"இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"அசதிதானுங்க. படி ஏறினா மூச்சு வாங்குது. விஷம் எறங்கறப்ப அப்படித்தான் இருக்கும்னு பல்லைக் கடிச்சுட்டு இருக்கேன்."

நான் என்ன செய்தேன்? கொடுத்த டீயைக் குடித்தேன். செல்ஃபிக்குச் சிரித்தேன். கிளம்பிவிட்டேன்.

ஏரிப் பக்கம் வந்ததும் என் தங்கை மகள் கிருபாவுக்குப் போன் போட்டேன். சேலத்தில் டாக்டர்.

"இயற்கையில இல்லையா? யார் சொன்னது பெரியம்மா? மண்ணுல இருக்கிற பாக்டீரியா குளோரினை ஒட்டி ஆன்டிபயாட்டிக் செய்யுது. வேற பாக்டீரியா அதே குளோரினைக் கழட்டுது. எல்லாம் என்சைம் வேலை. அவ்வளவு ஏன், உங்க கழுத்துல ஒரு என்சைம் அயோடினை ஒட்டித்தான் தைராய்டு ஹார்மோன் வருது. நாலு அயோடின். ஈரல்ல இன்னொரு என்சைம் அதுல ஒண்ணைக் கழட்டினாத்தான் அது முழுசா வேலை செய்யும். அந்த மாத்திரையும் அதே ஹார்மோன்தான்!"

ஜரீனாவைப் பற்றிச் சொன்னேன். கிருபாவின் குரல் மாறியது.

"இதயத்தையே பாதிக்கும், பெரியம்மா. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

திரும்பிப் போனேன். கடையில் கூட்டம். அவர்கள் போகும்வரை ஓரமாக நிற்கலாமா என்று நினைத்தேன் — அந்த நிலையிலும் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது எனக்கு.

"நசீர், நான் எழுதினது தப்புங்க. தெரியாம எழுதிட்டேன்."

பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"போடறதுக்கு முன்னால யாருகிட்டயும் கேக்க மாட்டீங்களா மேடம்?"

ஜரீனாவுக்கு முதலில் புரியவில்லை.

"அப்ப... விஷம் எறங்கலீங்களா?"

என் காரிலேயே சேலத்துக்கு இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க, பின்சீட்டில் கணவர் தோளில் சாய்ந்து தூங்கினார் ஜரீனா. கண்ணாடியில்கூட அவர்களைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக் கிருபா உதட்டைப் பிதுக்கினாள். நல்லவேளை, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததில் இதயத்துக்கு ஒன்றுமில்லை. குறைந்த அளவில் மாத்திரையை மறுபடி தொடங்கினாள். தேற மாதங்கள் ஆகுமாம்.

வெளியே வந்ததும் ஜரீனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைச்சோலையில என் தங்கச்சி இருக்காளுங்க. நீங்க எழுதினதை நான்தான் அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். அவளும் தைராய்டு மாத்திரையை விட்டுட்டா."

அங்கேயே நின்று அவளுக்குப் போன் செய்தோம். மறுநாள் அவளும் வந்து கிருபாவைப் பார்த்துவிட்டாள்.

அவளைப் பிடித்துவிட்டோம். மற்றவர்களை? யார் யார் வீட்டில் யார் யாருக்குப் படித்துக் காட்டினார்களோ... நினைத்தாலே கூசுகிறது. அதனால்தான் அந்தப் பொய் வந்த அதே இடத்தில் இதை எழுதுகிறேன். என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் இன்றே டாக்டரிடம் போங்கள். எவ்வளவு, எப்போது என்பதை அவரைக் கேளுங்கள்.

தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்.