ஏளு மணி முனிவேல்

முனிவேல் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மத்தூரிலிருந்து மத்திகிரி சர்க்கார் மாட்டுப் பண்ணைக்குக் கூலி வேலைக்கு வந்தவன். ராகிக் களியை நடந்துகொண்டே விழுங்குவான். யாராவது நிறுத்திப் பேசினால் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைப்பான், அடுப்பின் மேல் நிற்பவனைப் போல.

அது ஐந்தாண்டுத் திட்டக் காலம். சர்க்காருக்கு ஐந்து வருஷம் தேவைப்பட்டது. முனிவேல் ஒரே நாளுக்குத் திட்டம் போட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். ஏழு மணி, எழுந்திருத்தல். ஏழு நாலு, பல். ஏழு பத்து, களியும் நடையும். இப்படி முப்பத்தொரு வரிகள். குறை ஒன்றுதான்: அவனிடம் கடிகாரம் கிடையாது.

இவ்வளவு பறப்பதற்குக் காரணம் மாதம்மாள். கல்யாணம் ஆகி எட்டு மாதம், இன்னும் மத்தூரில் அப்பன் வீட்டில்தான் இருந்தாள். மாமனார் கோவிந்தப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்: "வேலை நிரந்தரமாகட்டும் மாப்ளே, அனுப்பறேன். இன்னிக்கு வந்து நாளைக்குத் திரும்பிப் போறதுக்கு எம் பொண்ணு என்ன கூலியாளா?"

பண்ணையில் தீவன மேஸ்திரி இடம் ஒன்று காலியாக இருந்தது. அது கிடைத்தால் நிரந்தரம், கூடவே மாதம்மாள்.

கடிகாரம் பக்கத்து வீட்டில் இருந்தது. அடிக்கும் சத்தம் போய் முள் மட்டும் ஓடுகிற சுவர்க் கடிகாரம். அந்த வீட்டுக் கெம்பம்மா கன்னடக்காரி. குடிவந்த அன்றே முனிவேல் கேட்டுக்கொண்டான்: "அக்கா, காலையில ஏளு மணி ஆனா ஒரு கொரல் குடுங்க." கெம்பம்மாவுக்கு அப்போது தமிழ் அரைகுறை. பெரிதாகத் தலையாட்டினாள்.

மறுநாள் விடியலில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது குரல். "ஏளு! ஏளு! ஏளு!"

ஒரு தடவை சொன்னால் போதாதா என்று நினைத்தபடியே முனிவேல் துள்ளி எழுந்தான். வெளியே தை மாதப் பனி, எதிர் வீடு தெரியவில்லை. திட்டப்படி பல், திட்டப்படி களி. ஓட்டமும் நடையுமாகப் பண்ணை வாசலுக்குப் போனால் காவல்காரர் தீர்த்தகிரி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"என்னாத்துக்குடா இந்நேரத்துல ஓடியாற? மணி ஆறரைதான் ஆவுது."

ஏழு மணிக்கு எழுந்தவன் ஆறரைக்கு வந்து சேர்ந்திருந்தான். வேறொருவனாக இருந்தால் யோசித்திருப்பான். முனிவேலின் திட்டத்தில் யோசிப்பதற்கு வரி இல்லை. சர்க்கார் கடிகாரம், பின்தங்கித்தான் ஓடும் என்று முடிவு கட்டினான். ஏழரைக்கு மணி அடிக்கும்வரை சும்மா நிற்க முடியாமல் தீவனத் தொட்டிகளைக் கழுவினான். தினமும் இதே கதை. பண்ணை முழுக்க அவன் பெயர் பரவியது. பண்ணையை நடத்துகிற துரையின் காதுக்கும் போனது.

ஒரு சாயங்காலம் துரை கூப்பிட்டார். "நாளைக்குப் பெரிய அதிகாரி வராரு. மணி அடிக்கறப்ப உன்னைக் காட்டிடறேன். மேஸ்திரி இடத்துக்குக் கையெழுத்து ஆயிடும். நேரத்துக்கு நிப்பியா?"

"ஆறரைக்கே நிப்பனுங்க!"

அன்று முனிவேல் மாதம்மாளுக்கு மனசுக்குள் கடிதம் எழுதிக்கொண்டே படுத்தான். முதல் சேவலுக்கே விழித்தும் விட்டான். ஆனால் எழவில்லை. ஏழுக்கு முன்னால் எழுந்தால் முப்பத்தொரு வரியும் சரிந்துவிடுமே! பாய்க்குள் கால் இரண்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது சேவல் கூவியது. பால் கறக்கப் போகிறவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். காதைச் சுவரில் ஒட்டினான். 'ஏளு' வரவில்லை. இன்றைக்கு ஏழு மணிக்கே சோம்பல் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்தான்.

பனியைக் கிழித்து வெயில் கூரைச் சந்தில் விழுந்தபோதுதான் பதறி ஓடினான். மணி எட்டரை. பெரிய அதிகாரி வந்து, பார்த்து, காப்பி குடித்துப் போயிருந்தார். மேஸ்திரி இடம் திம்மப்பனுக்கு. என்றைக்கும் மணி அடிக்கிற நொடியில் வருகிறவன், ஒரு நொடி முன்னால் வந்ததில்லை.

"அவ்ளோ தொட்டி கழுவுனியே, இன்னிக்கு மட்டும் எங்கடா போன?" என்றார் தீர்த்தகிரி.

முனிவேல் நேராகக் கெம்பம்மா வாசலில் போய் நின்றான். "அக்கா, ஏன் இன்னிக்கு ஏளு சொல்லல? என் பொழப்பே போச்சுக்கா!"

இந்தச் சில வாரங்களில் கெம்பம்மாவின் தமிழ் தேறியிருந்தது. "யாருக்குச் சொல்றது? நம்ம வீட்டுக்காரரு ஆனேக்கல் கோயில் ஜாத்ரைக்குப் போயிட்டாரு. சுவரையா எழுப்பறது?"

"எழுப்பறதா? நீங்க மணி சொல்லல?"

கெம்பம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயோ தேவரே! எங்க பாஷையில ஏளுன்னா எந்திரின்னும்தானப்பா அர்த்தம். அந்த மனுஷனை ஆறு மணிக்கு எழுப்ப மூணு வாட்டி கத்தோணும். நீ அதை வெச்சா ஓடின?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு அவளே இரங்கி, இனி அவனையும் சேர்த்து எழுப்புவதாகச் சொன்னாள். அடுத்த மேஸ்திரி இடம் ஆடியில் காலியாகுமாம்.

அவள் புருஷன் ஆஞ்சப்பன் ஜாத்ரையிலிருந்து திரும்பிய மறுநாள் விடியலில் "ஏளு! ஏளு!" என்று கேட்டது. தொடர்ந்து, "முனிவேலப்பா, நீனும் ஏளு!"

முனிவேல் துள்ளி எழுந்தான். ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் பல்பொடி, சுவரைப் பார்த்துக் கத்தினான். "மணி என்னக்கா? சீக்கிரம் சொல்லுங்க, அடுத்த வரி போவுது! அக்கா! மணி?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"ஆறு" என்றாள் கெம்பம்மா.

மணியைச் சொன்னாளா, அவனைக் கொஞ்சம் ஆறச் சொன்னாளா என்று தெரியவில்லை. முதல்முறையாக முனிவேல் பாயில் உட்கார்ந்தான், யோசிக்க.