பாங்குக்கு முன் ஒரு டொபி

என் அக்கா ராத்தாவுக்கு ஒலுவில் ஊரில் மாப்பிள்ளை பேசி, பேச்சு முற்றாகும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரை நோன்பு திறக்க எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தோம். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். விடிந்ததிலிருந்து உம்மா எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றுதான்.

"வாப்பாட வருத்தத்தப் பத்தி வாய் தொறக்கப்படாது. சீனி வருத்தக்காரன்ட புள்ள எண்டா ஆரும் எடுக்க மாட்டாங்க."

நான் அறிந்தவரை சீனி வருத்தம் என்ற நோய், சீனி போடாத பிளேன்டீயை முகம் சுளித்துக் குடிப்பது. அதை மறைப்பதில் என்ன கஷ்டம்? அன்று விடியமுன் சாப்பிடும் ஸஹருக்கு வாப்பா பிந்தி எழும்பி, சோற்றில் கை வைக்க நேரமில்லாமல், சீனிக் குளிசையை மட்டும் தண்ணீரோடு விழுங்கியது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

ஆண்கள் ஹோலில் இருந்தார்கள், பெண்கள் திரைக்கு உள்ளே. நான் வாப்பாவோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். நோன்பு திறக்கும் பாங்குக்குச் சற்று முன், கதைத்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வாப்பா சம்பந்தமில்லாமல் எதையோ உளறினார். அவர் போட்டிருந்த சேட் வியர்வையில் நனைந்திருந்தது. எழும்பப் போனவர் தள்ளாடி, கஞ்சிக் கோப்பையை மாப்பிள்ளையின் மாமாவின் மடியில் கவிழ்த்தார். அந்த மனிதர் தன் வெள்ளைச் சாரனைப் பார்த்தார், பிறகு வாப்பாவைப் பார்த்தார்.

"நோன்பும் அதுவுமா குடிச்சிட்டா இரிக்காரு?" என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகத்தான் கேட்டார். ஹோல் முழுக்கக் கேட்டது.

எங்கள் ஊரில் ஒரு மனிதனைப் பற்றி இதைவிடக் கேவலமாகச் சொல்ல ஏதுமில்லை. நானும் நம்பிவிட்டேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. வாப்பாவை விட்டு நகர்ந்து, யார் பிள்ளையோ போலக் கதவோரம் போய் நின்றேன். திரைக்குப் பின்னால் நின்ற உம்மாவுக்கு உண்மை தெரியும். சொன்னால் சம்பந்தம் போகும், சொல்லாவிட்டால் மானம் போகும்.

அப்போது மாப்பிள்ளையின் உம்மா திரையை விலக்கிக்கொண்டு அத்தனை ஆண்களுக்கும் நடுவில் வந்து நின்றார். கைப்பையைத் துழாவி, டொபி மிட்டாய் ஒன்றை உரித்து, பின்னாலேயே ஓடி வந்த என் உம்மாவிடம் நீட்டினார்.

"இது குடி இல்ல, சீனி இறங்கிட்டு. கெதியா வாய்க்குள்ள வைங்க."

வாப்பா பல்லை இறுக்கிக்கொண்டார். "இன்னும் பாங்கு சொல்லல்ல" என்று குழறினார். கஞ்சி வடிந்த சாரனோடு இருந்த மாமா அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். உம்மா அழுதபடி டொபியை வாப்பாவின் வாயில் திணித்தார். பாங்கு சொல்லி, இனிப்பான தேநீரும் உள்ளே போன பிறகு தெளிந்த வாப்பா, மாமாவின் சாரனைப் பார்த்துவிட்டு இது யார் செய்த வேலை என்று கேட்டார்.

மாமா தன் தங்கச்சியான மாப்பிள்ளையின் உம்மாவைப் பார்த்து, "உனக்குமா?" என்றார். அவர் கைப்பையை மூடினார்.

சம்பந்தம் முறியவில்லை. எனக்குத்தான் வெட்கம் தீரவில்லை. இப்படி ஒரு வாப்பா போதாதென்று, நோன்பு மாதத்தில் டொபியோடு திரியும் ஒரு மாமியும் ராத்தாவுக்கு வாய்த்துவிட்டாரே! "உங்கட மாமி நோன்பில்ல, களவாத் தின்னுற" என்று ராத்தாவிடம் சொன்னேன். அவள் என் கன்னத்தில் அறைந்துவிட்டு அழுதாள். எங்களைப் போலவே அவர்களும் ஒளித்து வைத்திருந்த அதே சீனி வருத்தத்தை, இன்னும் சொந்தமாகாத ஒரு மனிதனின் மானத்துக்காக, அந்த மாமி சபை நடுவே அவிழ்த்துக் காட்டியிருந்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.