படியாத மாவு

விழுப்புரம் ஏஜென்ட் அந்த டியூபை அழுத்தியபோது முதலில் தண்ணீர்தான் வந்தது. பற்பசை வரவேண்டிய இடத்தில் சளசளவென்று தண்ணீர் பீறிட்டு அவருடைய வெள்ளைச் சட்டையை நனைத்தது. இன்னும் அழுத்தினார், ஒன்றுமே வரவில்லை. கத்தரியால் டியூபை வெட்டிப் பிரித்தார்கள். உள்ளே மாவு இறுகிக் கல்லாக உட்கார்ந்திருந்தது. அனந்தவல்லி அதைக் கையில் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நகம்தான் உடைந்தது.

"இத்த வெச்சிக்கினு நான் பல்லு வெளக்கறதா, செவுரு பூசறதா? நீங்களே சொல்லுங்க மேடம்" என்றார் ஏஜென்ட்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திண்டிவனத்துக்கு வெளியே செஞ்சி ரோட்டில் இருந்த அந்தச் சின்னப் பற்பசைக் கம்பெனியில் கலவைக்கு முழுப் பொறுப்பு அவள்தான். அவள் கை பட்ட சரக்கு இப்படித் திரும்பி வந்ததே கிடையாது. பஸ் ஏறித் திண்டிவனம் திரும்புகிற வரை அந்த உடைந்த நகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பற்பசை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. பல்லைத் தேய்த்து அழுக்கெடுக்கிற பொடியைப் பாகில் மிதக்கவிட்டு, அது அடியில் போய்ப் படியாமல் பிடித்து வைத்தால் ஆயிற்று. சொல்லும்போது சுலபம்தான். செய்து பார்த்தவர்களுக்கு அதன் பேஜாரு தெரியும். பொடி கனமானது, எந்நேரமும் கீழே போகத்தான் பார்க்கும். பிசின் போட்டுப் பாகைக் கெட்டியாக்கி அதைத் தாங்க வைக்க வேண்டும். பிசின் குறைந்தால் பொடி உட்கார்ந்துவிடும். கூடினால் பசை நூல் நூலாக இழுத்து டியூபின் வாயிலேயே தொங்கும். இத்தனை வருஷமும் ஒரே ஆலையிலிருந்து ஒரே மாதிரி சுண்ணாம்பு மாவு வந்துகொண்டிருந்ததால் அனந்தவல்லிக்குக் கவலை இல்லாமல் ஓடியது. அந்த ஆலை மூடிவிட்டது. புதிதாக வந்த மாவு கனமோ கனம்.

அனந்தவல்லி செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். அப்பா ஜினபாலன் மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் நிலக்கடலையும் உளுந்தும் போடுகிற விவசாயி. அந்த வீட்டில் துணியில் வடிகட்டாத தண்ணீரை யாரும் குடித்ததில்லை. பொழுது சாய்ந்தால் அடுப்பு அணைந்துவிடும், அதற்கு மேல் வாயில் ஒரு பருக்கை போகாது. கிழங்கு கிடையாது, பூண்டு கிடையாது. கறிக்கடை இருக்கிற தெரு என்றால் அப்பா மகளைச் சுற்று வழியாக அழைத்துப் போவார். திண்டிவனத்தில் கெமிஸ்ட்ரி படித்த காலத்தில் தோழிகள் பிரியாணி சாப்பிடப் போனால் இவள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று காத்திருப்பாள். கல்யாணம் ஏனோ கூடிவரவில்லை. கூடிவரவில்லையே என்று அவள் உருகவும் இல்லை. அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் மகளும்தான்.

விழுப்புரத்திலிருந்து திரும்பியவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உயரமான கண்ணாடிக் குடுவைகளில் விதவிதமான கலவைகளை ஊற்றி ஜன்னல் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினாள். காலையில் வந்தவுடன் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்ப்பாள். ஒவ்வொரு குடுவையிலும் மேலே தெளிந்த தண்ணீர் நின்றுகொண்டு அவளைக் கேலி செய்யும். பிசினை மாற்றினாள், பாகை மாற்றினாள், மாவை இன்னும் நைசாகச் சலித்தாள். ஒன்றும் மசியவில்லை. முதலாளி அரங்கநாதன் நெற்றியில் நாமத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பெருமாளே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

அப்போதுதான் ஒரு புரோக்கர் சாம்பிள் மாவு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மாசு மருவில்லாத வெள்ளை. அனந்தவல்லி அதை வெந்நீர்ப் பாகில் கலந்து குடுவையில் ஊற்றினாள். கலக்கும்போது லேசாக ஒரு வாசனை வந்தது. சூளையில் சுட்ட பொருள், மண் வாசனை இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் பார்த்தாள், மேலே தண்ணீர் நிற்கவில்லை. அந்த வாரம் போய் அடுத்த வாரமும் வந்தது. குடுவை அடி முதல் நுனி வரை ஒரே வெள்ளையாக, கறந்த பால் போல் நின்றது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் அந்தக் குடுவையை ஒருமுறை தடவிக்கூடக் கொடுத்தாள்.

ஆடி மாதத்திலிருந்து புது மாவில்தான் பற்பசை போனது. ஒரு டியூபும் திரும்பி வரவில்லை. டியூபின் மேல் எப்போதும் போல் சைவம் என்று சொல்லும் பச்சைப் புள்ளி இருந்தது.

அந்தப் பச்சைப் புள்ளியைக் காட்டித்தான் அவள் அப்பாவையும் மடக்கினாள். ஜினபாலன் ஆயுசு முழுக்க உப்பும் வேப்பங்குச்சியும்தான். "உள்ள இன்னா போடறானோ, யாரு கண்டா?" என்று எந்தப் பற்பசையையும் வாயில் வைக்காதவர்.

"யாரோ போடலப்பா, நான் போடறேன். என் கையால கலக்கறேன். இதுக்கு மேல இன்னா வேணும் உங்களுக்கு?" என்றாள்.

அன்று முதல் காலையிலும், சாயங்காலம் சாப்பாடு முடிந்து சூரியன் மறைவதற்குள்ளும் மகள் செய்த பசையில்தான் பல் துலக்கினார். அதோடு நின்றாரா? தெருவில் இருந்த சமணர் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கி, "என் பொண்ணு செஞ்சது, தைரியமா தேய்ங்க" என்று ஆளுக்கொரு டியூப் கொடுத்துவிட்டு வந்தார். அனந்தவல்லிக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், புதினா எண்ணெய் ஏற்றிய வண்டி வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது. மணம் சேர்க்காத கலவை அண்டாவில் சூடாகவே காத்திருந்தது. அனந்தவல்லி பக்கத்தில் நின்று பதம் பார்த்துக்கொண்டிருந்தாள். டியூப் அடைக்கிற பக்கத்தில் வேலை செய்யும் கெங்கம்மாள், அனந்தபுரத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம், சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவள் கதவருகே நின்று மூச்சை நன்றாக இழுத்து விட்டாள்.

"இன்னா மேடம், சூப்பு ரெடியா?"

அனந்தவல்லி சிரித்தாள். "சூப்பா? இன்னா சூப்பு கெங்கம்மாக்கா?"

"எலும்பு சூப்புதான். எங்க ஊட்ல சளி புடிச்சா ஆட்டுக்கால் வேக வெப்போம். அச்சு அசல் இதே வாசனைதான். அதனாலதான் நாங்கல்லாம் இத்த சூப்பு அண்டான்னு சொல்லிக்கினு இருக்கோம்." சொல்லி முடித்ததும் அவள் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். "ஏன் மேடம் இப்பிடிப் பாக்கறீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

அனந்தவல்லி அண்டாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயய்யோ, மேடம்! தெரிஞ்சிதான் செய்யறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தோம். பாவம், இருட்டுனா பச்சத் தண்ணி குடிக்காதவங்க, வேலைன்னு வந்துட்டா மனச கல்லாக்கிக்கினு நிக்கறாங்களேன்னு உங்களப் பத்திப் பெருமையா பேசிக்கினோம்."

தொழிற்சாலை முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. ஆடியிலிருந்து ஒவ்வொருவர் மூக்குக்கும் தெரிந்திருக்கிறது. அந்த அண்டாவின் மேலேயே குனிந்து நின்ற அவள் ஒருத்திக்குத்தான் தெரியவில்லை. எலும்பு வெந்த வீட்டு வாசல் பக்கம்கூடப் போகாத மூக்கு அது, எப்படித் தெரியும்? ஓடிப்போய் மாவு மூட்டையிலிருந்து ஒரு கரண்டி அள்ளி ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். பழைய சுண்ணாம்பு மாவு என்றால் எவ்வளவு சுட்டாலும் வெள்ளையாகவே இருக்கும். இது ஓரத்தில் பழுப்பேறிக் கருத்தது. முடி கருகும் நாற்றம் அடித்தது. அந்த நாற்றம் அவளுக்கும் தெரியும். காலேஜ் முதல் வருஷத்துப் பிள்ளை செய்யும் சோதனை இது. படிகிறதா, படியவில்லையா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இதைச் செய்யத் தோன்றவே இல்லை. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முதலாளி அறைக்குப் போனாள்.

அரங்கநாதன் புரோக்கருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஆமா சார், எலும்பு மாவுதான்" என்றது அந்தக் குரல், காப்பி சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது போல. "அதுல ஒட்டிக்கினு இருக்கற பசை முழுசா போவாது. ஜெலட்டின் சார். அதுதான் மாவ உக்கார உடாம புடிச்சிக்கினு நிக்குது. வேற எந்த மாவு இப்பிடி நிக்கும்?"

"யோவ், இத்த ஏன்யா சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார். படியக்கூடாதுன்னுதான கேட்டீங்க? படிஞ்சிதா?"

போனை வைத்த அரங்கநாதன் கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் வியாபாரி. "இப்ப இன்னாம்மா செய்யறது? தேச்சித் துப்பறதுதான? யாரு முழுங்கப் போறாங்க? இருக்கற சரக்கு போவட்டும், அப்பறமா மாத்திக்கலாம்" என்றார்.

அனந்தவல்லி அவர் நெற்றி நாமத்தைப் பார்த்தாள். "புரட்டாசி மாசம் முழுக்க நீங்க எதுல சார் பல்லு தேச்சீங்க?"

அரங்கநாதனின் கை மேஜை மேல் அப்படியே நின்றுவிட்டது. புரட்டாசியில் முட்டை கலந்த பிஸ்கட்டைக்கூடத் தொடாதவர் அவர். காலையில் பல் துலக்கிக் குளித்து நாமம் போட்டுக்கொண்டுதான் பெருமாள் படத்துக்கு முன்னால் வாயைத் திறப்பார். "ஐயோ" என்றார். அப்புறம் இன்னும் மெதுவாக, "எங்கம்மாவும் இதுலதான் தேச்சாங்க" என்றார். எழுந்து போய்த் தன் கையாலேயே மெஷினை நிறுத்தினார். கடைகளில் இருக்கிற சரக்கையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி விழுப்புரத்துக்கு அவரே பேசினார்.

கம்பெனி விஷயம் அதோடு முடிந்தது. அனந்தவல்லிக்கு இனிமேல்தான் இருந்தது. ஊருக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்கு உட்கார முடியவில்லை, இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். மழை விட்டு மேற்கே வெளிச்சம் சிவந்திருந்தது. அப்பா இந்நேரம் சாப்பிட்டு முடித்திருப்பார். அடுத்தது என்ன என்று நினைத்ததும் இறங்க வேண்டிய இடத்திலிருந்து வீடு வரை ஓடினாள். தெருவில் பார்த்தவர்கள் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வாசலுக்கு வந்தார்கள்.

ஜினபாலன் பின்கட்டில் குழாயடியில் நின்றிருந்தார். கையில் பிரஷ், வாயில் நுரை.

"அப்பா, துப்புங்க!"

அவர் திகைத்துப் போய்த் துப்பினார். அவள் பிரஷைப் பிடுங்கி எறிந்தாள். மூச்சு வாங்க, விட்டு விட்டுச் சொன்னாள். எலும்பு என்ற சொல் வந்தபோது அவர் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு வடிகட்டின தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொப்பளிக்க ஆரம்பித்தார். கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார். கண்ணில் நீர் வழிந்தது, நிறுத்தவில்லை. பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. அதைப் பார்த்ததும் வாய்க்குக் கொண்டுபோன செம்பைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். இனி விடிகிற வரை வாயில் தண்ணீர் படக்கூடாது. அந்த ருசியோடுதான் இரவைக் கழிக்க வேண்டும்.

"தெரு பூரா நான்தான குடுத்தேன்" என்றார் கடைசியில். "கும்புடற கையால வாங்கிக்கினாங்க."

"காலைல நான் போய் ஒவ்வொரு ஊடா சொல்லிட்டு வர்றேன்பா. கால்ல உழுந்தாவது சொல்றேன்."

"இன்னான்னு சொல்லுவ? வாசனையே வரலன்னா?"

"வந்துச்சிப்பா" என்று அவள் கேவினாள். "மொத நாளே வந்துச்சி. எல்லாருக்கும் தெரிஞ்சிது. எனக்கு மட்டும் இன்னா வாசனைன்னு தெரியல."

ஜினபாலன் மகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"எப்பிடிம்மா தெரியும்?" என்றார். "தெரியக்கூடாதுன்னுதான உன்ன வளத்தேன்."