விற்ற வண்டியோடு போன பதினோரு பேர்

மூன்று வருடங்களுக்கு முன், திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருந்த ஒரு முதலாளியின் ஆபீஸுக்கு நான் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தபோது நடந்தது இது. சேலத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது.

போர் போடும் வண்டிகளின் விவரம் கம்ப்யூட்டரில் ஒரு டேபிளில், அதாவது பட்டியலில். அவற்றோடு வெளிமாநிலம் போகும் ஆட்கள் இன்னொரு டேபிளில். திரையில் ஒரு வண்டியின் விவரத்தைத் திறந்தால் அதன் ஆட்களும் கூடவே வருகிற மாதிரி இரண்டையும் இணைக்க வேண்டும். அப்படி இணைக்கும்போது, வண்டியை அழித்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சேர்ந்து அழியட்டும் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். வேண்டாத குப்பை சேராதல்லவா! அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன் வேறு.

ஒரு நாள் காலை, அந்த ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட அக்காவிடமிருந்து போன். மத்தியப் பிரதேசத்தில் குழாய் சரிந்து வண்டி ஆட்களில் ஒருவருடைய கால் நசுங்கிவிட்டதாம். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்களாம். மனிதரோ, மனைவியிடம் பேசாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். அவருடைய போன் நொறுங்கிவிட்டது. எண் அவருக்கும் ஞாபகமில்லை, கூட இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

"கம்ப்யூட்டர்ல அவரு பேரே இல்ல கண்ணு. பதினோரு பேரையும் காணோம்" என்றார் அக்கா.

முந்தின வாரம் பழைய வண்டி ஒன்றை விற்றிருந்தார்கள். ஆட்கள் புது வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். கம்ப்யூட்டரில் அவர்கள் இன்னும் பழைய வண்டியின் கீழேயே இருந்தார்கள். அக்கா அந்த வண்டியை நீக்கியதும் என் வரி தன் வேலையைக் கச்சிதமாக முடித்துவிட்டது. நகல் எடுத்து வைக்கும் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

அக்காதான் வழி கண்டுபிடித்தார். அடிபட்டவரின் மனைவி சேந்தமங்கலத்திலிருந்து எப்போதாவது ஆபீஸ் அக்காவைக் கூப்பிட்டு, வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று விசாரிப்பாராம். அக்கா தன் போனில் பேர் போடாமல் கிடந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, ஏழாவதோ எட்டாவதோ அவரைப் பிடித்துவிட்டார். கணவனும் மனைவியும் இரண்டு நிமிடம் பேசினார்கள். கையெழுத்து விழுந்தது. கால் பிழைத்தது.

மறுநாள் நேரில் போனேன். பார்த்து அமுக்கக் கூடாதா என்று முதலாளி அக்காவைக் கடிந்துகொண்டிருந்தார். அக்காவும் தன் தப்புதான் என்று தலைகுனிந்து நின்றார். நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படியே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. பிறகு, தப்பு என்னுடையது என்று அந்த வரியைப் பற்றிச் சொன்னேன்.

திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் நிஜமாகவே புரியாதவர் மாதிரி கேட்டார்.

"நாம வண்டியத்தானே கண்ணு வித்தோம்? ஆளுங்களையுமா வித்தோம்?"

அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை எடுத்தேன். வண்டி போனாலும் ஆள் தனியாக நிற்கும்படி மாற்றினேன். வண்டியில் இருந்தவர்களிடம் எண்களை வாங்கி, பதினோரு வீட்டுக்கும் நானே போன் செய்து விவரம் கேட்டு ஏற்றினேன். சேந்தமங்கலத்துக்குப் பேசியபோது அந்த மனைவி, எண்ணை அழித்தவன் நான்தான் என்று தெரியாமலேயே, "சாப்பிட்டியா சாமி" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதும் இரண்டு டேபிள்களை இணைக்கும்போதெல்லாம், மனைவியின் குரலுக்காக வலியோடு காத்துக் கிடந்த அந்த மனிதர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். அவரை நான் ஒரு வண்டியின் உதிரி பாகமாக எழுதி வைத்திருந்தேன்.