தாளிக்காத வீடு

“ஏனுங்க, உங்க ஊட்டுல தாளிக்கறதே இல்லீங்களா? வாசமே வர்றதில்லீங்க.”

திருப்பூரில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டின் சொந்தக்காரம்மா ஒருநாள் இப்படிக் கேட்டார். கடுகு பொரியாத வீடு அவருக்கு இழவு விழுந்த வீடாகத் தோன்றியிருக்க வேண்டும். மறுநாளே தட்டு நிறையக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்தார், எண்ணெய் சொட்டச் சொட்ட. நல்ல மனுஷி. என் வீட்டுக்காரருக்குக் கணையம் வீங்கியிருக்கிறது, எண்ணெய்ப் பண்டம் ஆகாது என்றேன். தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “அது குடிக்கறவங்களுக்கு வர்றதுதானுங்க?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பதினோரு வருஷமாக பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் மனுஷன் அவர். ஒரு சொட்டு தொட்டதில்லை. தொட்டதெல்லாம் பரோட்டா. கம்பெனிக்கு எதிரே நம் ஊர்க்காரர் போட்ட கடை. வாரத்தில் ஐந்து நாள் அங்கேதான். சால்னாவில் மிதக்கும் எண்ணெயை, “நம்ம பக்கத்துக் கைப்பக்குவம்” என்று கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்வார். டீக்கு போண்டா. ஊரிலிருந்து யார் பஸ் ஏறினாலும் காராச்சேவு. ஊரில் இருப்பவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை விட்டு வந்தவர்களுக்கு ஊர் வேறு எந்த வழியில் வரும், சொல்லுங்கள்?

முதல் தடவை வலி வந்தபோது வாய்வு என்று சோடா வாங்கிக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் குழாயில் தெளிந்தபோது மேலே பால் மாதிரி வெள்ளையாக நின்றதாம். சிலர் உடம்புவாகு அப்படி, கொழுப்பு இந்த அளவு ஏறினால் குடிக்காதவனுக்கும் கணையம் புண்ணாகும், சோற்றைச் செரிக்க வைக்கிற சாறே அதை அரித்துவிடும் என்றார் டாக்டர். எண்ணெய், மைதா, இனிப்பு எதுவும் கூடாது, மாத்திரையை விடக்கூடாது.

உடம்பைத் தேற்றலாம் என்று ஊருக்குக் கூட்டிப்போனேன். எலும்பும் தோலுமாய் நின்றவரைப் பார்த்து மாமியார் அழுதார். சேவல் அடித்து, நல்லெண்ணெய் மிதக்கக் குழம்பு வைத்தார். தடுத்தேன். “திருப்பூர்த் தண்ணிதான் எம்புள்ளயக் கெடுத்துச்சு. நம்ம ஊருச் சாப்பாடு என்னத்தச் செஞ்சிரப் போகுது?” என்றார். மூன்றாம் நாள் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தோம். இன்னொரு தடவை வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று சொல்லித்தான் அங்கிருந்து அனுப்பினார்கள்.

அந்த இன்னொரு தடவையும் வந்துவிட்டது. இதை எழுதும்போது அவர் ஐசியூவில் இருக்கிறார். ஆறு நாளாகிறது, கண் திறக்கவில்லை.

போன வாரம் நாத்தனார் ஊரிலிருந்து பஸ்ஸில் காராச்சேவு கொடுத்துவிட்டிருந்தாள். தூக்கிப் போட்டிருக்கலாம், மனசு வரவில்லை. பரணில் ஒளித்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால், முழங்காலை நெஞ்சோடு மடக்கி, நெற்றியைத் தரையில் ஊன்றிக் கிடக்கிறார். பக்கத்தில் பாதி காலியான பொட்டலம். “நம்ம ஊருச் சேவுதான புள்ள...” என்றார்.

ஆட்டோவில் ஏற்றும்போது சொந்தக்காரம்மா ஓடிவந்தார். “மறுக்காவும் குடிச்சுப்போட்டாருங்களா கண்ணு?”

டாக்டரிடம் காட்டுவதற்காகப் பொட்டலத்தை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். எண்ணெய் சேலையில் ஊறி வயிற்றில் பிசுபிசுத்தது. எங்கள் ஊர்தான் இப்படிச் செய்தது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

“ஆமாங்க” என்றேன்.