பயந்துபோன கருவி

அன்று அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி, கம்ப்யூட்டரில் நிரல் எழுதும் தம்பி, கணக்குப் பார்க்கும் பெண், மதுரையிலிருந்து கருவியை வாங்க வந்திருந்த வியாபாரி, அப்புறம் நான். ஏ.ஐ.யை ஆள் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு அதிகம் பேசியது அதுதான்.

காரைக்குடியில் ஒரு மருந்துக் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். யாராவது ஏ.ஐ.யிடம் வத்தல் விலை, கூலி, விலைவாசி என்று கேட்டால், அது வாய்க்கு வந்ததை அடித்துவிடக் கூடாது. எங்கள் கருவியை, அதாவது தம்பி எழுதிய நிரலைக் கூப்பிட்டு, அரசாங்கம் வெளியிடும் பட்டியல்களிலிருந்து சரியான எண்ணை எடுத்துச் சொல்ல வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்தப் பட்டியலைத் திறப்பது என்று ஏ.ஐ. படித்துத் தெரிந்துகொள்ள ஒரு விளக்கக் குறிப்பு வேண்டும். அதை எழுதுவது என் வேலை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். தமிழ் டைப்பிங் மட்டும் வேகமாக வரும். "படிச்சவுக எழுதுனா ஒருத்தருக்கும் புரியாது. நீங்க எழுதுங்கக்கா. ரேட்டும் கட்டுப்படியாகும்" என்று முதலாளி சொல்லித்தான் எடுத்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். முன்பணம் போக மீதி மொத்தமும் வேலை முடிந்த அன்றே என்று பேச்சு. மகளுக்கு நர்சிங் காலேஜில் ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வியாபாரி வந்த அன்று புதன்கிழமை.

எனக்கு எதிலும் பயம். அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் ஊர் அரியக்குடியில் பஸ் ஏறியபிறகும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். எழுதும்போது அந்தப் பயமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. 'கடலை விலைக்கு இந்தப் பட்டியல்' என்று எழுதினால் மனசு ஆறாது. 'எண் பழையதாக இருக்கலாம். எந்த மாதம் என்று கேள். கிலோவா குவிண்டாலா என்று கேள். இதை நம்பி ஒருவர் கடன் வாங்கிவிடக்கூடும், அதனால் விசாரிக்காமல் சொல்லாதே' என்று ஒவ்வொரு பட்டியலுக்கும் கீழே எழுதி வைத்தேன். தம்பி அதை வாசிக்காமலே கருவியில் ஏற்றிவிட்டான்.

வியாபாரி கேட்டார். "சிவகங்கைப் பக்கம் கடலை என்ன விலை?"

எந்த மாதம் என்று திரையில் வந்தது.

"இந்த மாசந்தான்."

கிலோவுக்கா, குவிண்டாலுக்கா?

"குவிண்டாலுக்கே சொல்லு."

இந்த எண் பழையதாக இருக்கலாம். இதை நம்பிக் கடன் ஏதும் வாங்கப் போகிறீர்களா?

"என்னங்க இது, எங்க மாமியா மாதிரி நோண்டி நோண்டிக் கேக்குது" என்றார் வியாபாரி.

கடைசிவரை ஏ.ஐ. விலையைச் சொல்லவில்லை. கடையில் நேரில் விசாரித்துக்கொள்வது நல்லது என்று முடித்துக்கொண்டது.

"அண்ணே, அக்காவ அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள எறக்கி விட்டுட்டோம்" என்றான் தம்பி. கணக்குப் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலாளி சிரிக்கவில்லை. நாற்காலியைத் திரை முன்னால் இழுத்துப் போட்டார். "வாங்கக்கா. எழுதுனத நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. சார் கேக்கட்டும்."

வாசித்தேன். நான் நிறுத்தும்போதெல்லாம் முதலாளி, "ம், மேல போங்க. கடன் வாங்குற எடத்த இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். இன்னொருமுறை வாசித்தேன். எல்லோரும் சிரிக்க, எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

அப்புறம் முதலாளி ஏ.ஐ.யிடமே சொன்னார்: இதில் பயந்து எழுதியதையெல்லாம் எடுத்துவிடு, மற்றதை அப்படியே வை. டீ ஆறுவதற்குள் எடுத்துவிட்டது. வியாபாரி அதே கேள்வியைக் கேட்க, விலை பட்டென்று வந்தது. அவருக்குத் திருப்தி. அங்கேயே பேசி முடித்து, கை குலுக்கிவிட்டுப் போனார். பட்டியல்களின் பெயர், எதற்கு எது என்ற விளக்கம் எல்லாம் நான் எழுதியதுதான், ஒரு வார்த்தை மாறாமல் இருந்தது.

நான் பையை மாட்டிக்கொண்டு முதலாளி முன்னால் நின்றேன். "தம்பி, வெள்ளிக்கிழமை மகளுக்கு ஃபீஸ்..."

"முடிச்சுக் குடுத்தா காசுன்னுதானக்கா பேச்சு? முடிச்சது நீங்களா, அதா?" திரையைக் காட்டினார். "அதுகிட்ட வேணா கேட்டுப் பாருங்க. ஆனா கிலோவுக்கா குவிண்டாலுக்கான்னு கேக்கும்."

படி இறங்கும்வரை மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. வியாழக்கிழமை முழுக்க அங்குட்டும் இங்குட்டும் அலைந்தேன். யாரும் தரவில்லை. மகள் அந்தப் பரீட்சை எழுதவில்லை. அழவும் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அம்மா, அந்த ஆளு முன்னாடியாச்சும் பயப்படாம நின்னு கேட்டியா?"

கருவி இப்போது நன்றாக ஓடுகிறதாம். நான் போன் செய்தால் முதலாளி எடுப்பதில்லை. பேசிய கூலி முப்பதாயிரம், முதலில் கொடுத்தது எட்டாயிரம். இன்னும் வர வேண்டியது இருபத்திரண்டாயிரம் ரூபாய்.