வேலை செய்யாத ஈக்வலைசரை நகர்த்திக் காட்டினேன்

எஸ்தர், சாமு, உங்க அப்பா ஹோம் தியேட்டர் மாட்டுறதுல கெட்டிக்காரர்னு வெளியில பெருமையா சொல்லிக்கிறீங்க. அது காதுல விழும்போதெல்லாம் எனக்குக் கூச்சமா இருக்கு. அதனாலதான் இதை எழுதுறேன்.

அம்மையார்குப்பத்துல முனிரத்தினம்னு ஒரு பெரியவர். முப்பது வருஷம் விசைத்தறி பக்கத்துலயே நின்னவர். அந்தச் சத்தத்துல காது மந்தமாயிடுச்சு. டிவியில யாரோ பேசுறாங்கன்னு தெரியும், ஆனா ஸ, ச மாதிரி மெல்லிசான ஒலி விழாததால பேச்சு புரியாது. அவர் மகன் லோகு புதுசா ஃபைவ் பாயிண்ட் ஒன்னுன்னு ஆறு ஸ்பீக்கர் செட் வாங்கி என்னைக் கூப்பிட்டான்.

"நைனாவுக்குப் பேச்சு தெளிவா கேட்கணும்ணே. ஆனா ஆம்ப்ளிஃபயர்ல சரவுண்ட் லைட் எரியணும். எரியலைன்னா என் மச்சான் ஒத்துக்கமாட்டான், டூப்ளிகேட்டும்பான்."

இதுல ஒரு சிக்கல் இருக்கு. பாஸ்த்ரூ போட்டா, டிவி பாக்ஸ் சவுண்டைப் பிரிக்காத பார்சல் மாதிரி அப்படியே ஆம்ப்புக்கு அனுப்பிடும். லைட் எரியும். ஆனா பிரிக்காத பார்சலுக்குள்ள பாக்ஸோட ஈக்வலைசர், அதாவது மெல்லிசான ஒலியை மட்டும் தூக்கிக் கொடுக்கிற கோடுங்க, கை வைக்க முடியாது. ஈக்வலைசர் வேலை செய்யணும்னா பாஸ்த்ரூவை ஆஃப் பண்ணி, பாக்ஸே பிரிச்சு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியா, மல்டிசேனல் பிசிஎம்ங்கிற முறையில அனுப்பணும். சரவுண்ட் அப்படியேதான் இருக்கும், லைட் மட்டும் எரியாது.

இது எனக்குத் தெரியும். லோகுவுக்குப் புரியவைக்கச் சோம்பேறித்தனம். பள்ளிப்பட்டுல வேற வேலையும் காத்திருந்துச்சு. பாஸ்த்ரூவை அப்படியே விட்டுட்டு, திரையில ஈக்வலைசரைத் திறந்து, பெரியவர் எதிர்லயே கோடுங்களை மேல ஏத்தினேன்.

"இப்ப எப்படிங்க கீது?"

"இன்னும் கொஞ்சம் ஏத்து தம்பி."

ஏத்தினேன். "இப்ப?"

திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "ஆங்... நல்லாத்தான் கீது."

"இனிமே பக்கத்து வீட்டுச் சண்டை கூட கேட்கும் நைனா உனக்கு"ன்னான் லோகு. நானும் சேர்ந்து சிரிச்சேன்.

ரெண்டு மாசம் கழிச்சு, பின்பக்க ஸ்பீக்கர் ஒயரை எலி கடிச்சிடுச்சுன்னு மறுபடி கூப்பிட்டாங்க. எல்லாரும் உள்ள டிவி பார்த்துகினு இருந்தாங்க. பெரியவர் மட்டும் வாசல்ல கட்டில்ல உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வரமாட்டாருப்பா"ன்னு அவர் சம்சாரம் சொன்னாங்க. "'அவ்ளோ ஏத்தி வெச்சும் புரியல, என் காது அவ்ளோதான்'னு முடிவு பண்ணிட்டாரு. பேரப்பிள்ளைங்க பேசினா தலையை மட்டும் ஆட்டுறாரு. நூல் அறுந்தா சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாதுன்னு தறிகிட்டயும் போறதில்ல."

நான் நேரா உள்ள போனேன்.

ஒயரை மாத்தினேன். பாஸ்த்ரூவை ஆஃப் பண்ணி, மல்டிசேனல் பிசிஎம் வெச்சு, பேச்சு வர்ற நடு ஸ்பீக்கர்ல அந்த ஸ, ச மாதிரி மெல்லிசான ஒலியை மட்டும் ஏத்தினேன்.

"அண்ணே, லைட்டு!"

"போவட்டும் லோகு. பின்னாடி ஸ்பீக்கர்ல காதை வெச்சுப் பாரு, வந்துகினுதான் கீது."

பெரியவரைக் கூப்பிட்டேன். கதவுகிட்டயே நின்னார். நியூஸ் ஓடிச்சு.

"சோளிங்கர்ல மழையாமே"ன்னார்.

யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லல. அவரா கேட்டுச் சொன்னது. என் கையைப் பிடிச்சிகினார். "இன்னா பண்ணே தம்பி? காதே போச்சுன்னு இருந்தேன்."

அப்பவே உண்மையைச் சொல்லியிருக்கணும். "சாஃப்ட்வேர் அப்டேட் வந்துதுங்க"ன்னு சொன்னேன். டீ கொடுத்தாங்க. அதையும் குடிச்சேன்.

பிள்ளைங்களா, தெரியாம செஞ்ச தப்பைத் திருத்திக்கலாம். தெரிஞ்சே வேலை செஞ்ச மாதிரி நடிச்சா, எதிர்ல இருக்கிறவர் நம்மளைச் சந்தேகப்படமாட்டார், தன்னையே சந்தேகப்படுவார். இப்பல்லாம் எந்த வீட்லயும் பாஸ்த்ரூ ஓடும்போது நான் ஈக்வலைசரைத் திறக்கிறதில்ல.

அன்னிக்குத் திரும்பி வரும்போது ஏரிக்கரையில வண்டியை ஓரங்கட்டினேன். யாரும் இல்ல. ஹெல்மெட்டைக் கழட்டாமலே சத்தமா சொன்னேன்: "ஐயா, உங்க காது மேல தப்பு இல்லைங்க. அன்னிக்கு அந்தக் கோடு எதுவும் வேலை செய்யல. தெரிஞ்சுதான் நகர்த்தினேன்." நடுவுல ஒரு லாரி போச்சு. அது போன பிறகு முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொன்னேன்.